உப்புக் கரையில் ஓர் இரவு



நம் வீட்டுப் பெண்கள் ஊரை விட்டு வெளியே செல்லும் நாட்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு திருமணம், ஒரு மௌத்து, மருத்துவமனையில் படுத்திருக்கும் உறவினரைப் பார்த்து வரும் கடமை, எப்போதாவது மகளைக் கட்டிக் கொடுத்த ஊர். இவற்றுக்காக அன்றி, அல்லாஹ் படைத்த பூமியைப் பார்த்து வருவதற்கென்றே அவர்கள் எத்தனை முறை பயணம் புறப்பட்டிருக்கிறார்கள்? பெண்கள் மதரஸாவில் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வரும் நான், இக்கேள்வியை ஒருநாள் என் மாணவிகளிடம் கேட்டேன். கை உயர்த்தியவர்கள் ஓரிருவரே. அவர்களும் பள்ளிக்கூடச் சுற்றுலாவைத்தான் சொன்னார்கள்.

பூமியில் பயணம் செய்து படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. அவ்வசனங்கள் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே இறங்கியவை போல நாம் நடந்து வருகிறோம். எழுபது வயதைக் கடந்த என் தாயார், உறவினர் வீடுகளைத் தவிர வேறெங்கும் ஓர் இரவு தங்கியவர் அல்லர். சென்ற ஆண்டு பிப்ரவரியில் அவரையும் அழைத்துக்கொண்டு, என் கணவர், தமையனார், இரு வீட்டுப் பிள்ளைகள் என ஒன்பது பேராக மரக்காணத்துக்குச் சென்று, ஓர் இரவு கூடாரம் அடித்துத் தங்கி வந்தோம். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

“மரக்காணத்தில் என்ன இருக்கிறது?” என்று புறப்படும் முன் எங்களிடம் கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்விதான். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குச் செல்பவர்கள் மாமல்லபுரத்தில் இறங்குவார்கள். அடுத்துப் புதுச்சேரியில்தான் இறங்குவார்கள். இடையில், புதுச்சேரிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில் இருக்கும் இந்த ஊரை அவர்கள் வண்டியின் சன்னல் வழியாக மட்டுமே பார்ப்பார்கள். வெள்ளை வெளேரென்று சில உப்புக் குவியல்கள் கண்ணில் பட்டு மறையும். திண்டிவனத்திலிருந்து கிழக்கே வரும் சாலையும் இங்கேதான் வந்து சேர்கிறது. ஆந்திரக் கரையிலிருந்து கடலை ஒட்டியே இறங்கி வரும் பக்கிங்ஹாம் கால்வாய் முடிவதும் இந்தப் பகுதியில்தான். படகுகள் ஓடிய காலத்தில் உப்பு அந்தக் கால்வாய் வழியே வடக்கே சென்றது.

பட்டப் படிப்பில் தமிழ் இலக்கியம் பயின்ற எனக்கு இவ்வூர் வேறொரு வகையிலும் நெருக்கமானது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்த நூல் சிறுபாணாற்றுப்படை. அவன் சொல்லும் வழியில் உள்ள எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்குள்ள நெய்தல் நில மக்கள், வழிப்போக்கருக்கு உலர்ந்த குழல் மீனைச் சுட்டுக் கொடுத்து உபசரிப்பார்களாம்.

அதே நூலில் உப்பு வணிகரான உமணர்களும் வருகிறார்கள். அவர்கள் தனித்துச் செல்லவில்லை. வரிசையாகச் செல்லும் மாட்டு வண்டிகளில் மனைவியரும் மக்களும் உடன் செல்கின்றனர். அவர்கள் பிள்ளைபோல் வளர்த்த பெண்குரங்கு ஒன்று குழந்தைகளோடு விளையாடுகிறது. வேறு சில சங்கப் பாடல்களோ, உமணர் தங்கிச் சமைத்துவிட்டுப் போன இடத்தில் எஞ்சி நின்ற அடுப்புக் கற்களைக் காட்டுகின்றன. பின்னால் வந்தவர்கள் அதே கற்களில் தங்கள் உணவைச் சமைத்துக்கொண்டார்கள். குடும்பத்தோடு வழியில் தங்குவது மேல்நாட்டுப் பழக்கம் என்று சொல்வோருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். இந்தக் கடற்கரைப் பெண்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வண்டியேறியவர்கள்!

என் தாயார் எளிதில் இணங்கவில்லை. “இந்த வயசுல எனக்கென்ன ஊர் சுத்தல்? நாலு பேர் என்ன சொல்வாங்க?” என்றார். அந்த நாலு பேர் யாரென்று என் மகள் கேட்டாள். அவரால் ஒரு பெயரையும் சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்குப் பின் அவர் கேட்ட கேள்வி சரியானது: “ராத்திரி அவசரத்துக்கு எங்கே போவது?”

சகோதரிகளே! பெண்கள் பயணத்தை வெறுப்பதற்குப் பெரும் காரணம் இந்த ஒன்றுதான். பல மணி நேரம் தண்ணீரே குடிக்காமல் பயணம் செய்யும் பெண்களை நான் அறிவேன். ஆகவே நாங்கள் அழகான இடத்தைத் தேடுவதற்கு முன், கழிப்பறையும் கிணறும் உள்ள இடத்தைத் தேடினோம். என் கணவருக்குத் தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்பு கிடைத்தது. பறவைகள் சரணாலயப் பகுதிக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது என்பதால், இவ்வாறு தனியார் இடத்தில் கேட்டுத் தங்குவதே முறையானது.

மாலையில் இரண்டு கூடாரங்களை அடித்தோம். ஒன்று பெண்களுக்கு, மற்றொன்று ஆண்களுக்கு. மஃரிபுத் தொழுகையைத் தோப்பிலேயே ஜமாஅத்தாக நிறைவேற்றினோம். சமையலை அன்று ஆண்கள் ஏற்றுக்கொண்டார்கள். புறப்படும்போதே நான் விதித்த நிபந்தனை அது. வீட்டில் செய்யும் வேலையை வெட்டவெளியில் செய்யவைப்பது பெண்களுக்கு ஓய்வாகுமா? தமையனார் செய்த கிச்சடி சற்று அடிபிடித்திருந்தது. ஆயினும் ஒருவரும் மீதம் வைக்கவில்லை. தாயார் நெடுநேரம் உறங்காமல் கூடாரத்தின் வாயிலில் அமர்ந்திருந்தார். கடலின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. தம் இளமையில் மொட்டை மாடியில் படுத்து விண்மீன் எண்ணியதையும், திருமணமான நாள் முதல் மாடி ஏறியதே இல்லை என்பதையும் பேத்திகளிடம் சொன்னார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய மகளாக இருக்கும் நான் அதை அன்றுதான் கேட்டேன்.

சுபுஹுத் தொழுகைக்குப் பின், வெயில் ஏறுமுன், உப்பளங்களை நோக்கி நடந்தோம். பாத்திகளுக்கு இடையே வரப்புகள் நேர்கோடுகளாக நீள்கின்றன. பாத்திக்குள் காலை வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லியிருந்தோம். பருவத்தின் தொடக்கத்தில் தொழிலாளர்கள் களிமண் தரையைத் தங்கள் கால்களால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். நம் காலடித் தடம் ஒன்று பட்டாலும் அந்தத் தரை கெடும். உப்பில் மண் கலக்கும்.

உப்பு விளையும் விதத்தை அங்கே ஒரு மேற்பார்வையாளர் பிள்ளைகளுக்கு விளக்கினார். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் நாம் உண்ணும் உப்பே பெரும்பகுதி. வேறு உப்புகளும் உண்டு. உவர் நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி வெயிலில் காயவிடுகிறார்கள். நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி ஏறுகிறது. அதை அளக்கும் கருவியில் கடல் நீர் 3 டிகிரி அளவில் இருக்கும். முதலில் ஜிப்சம் படிந்துவிடும். ஏறத்தாழ 25 டிகிரியை எட்டும்போது உப்புப் பூக்கத் தொடங்கும். முப்பதை நெருங்க விட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். அதற்குள் அந்த நீரை வெளியேற்றிவிட வேண்டும். ஆக, நம் சமையலறையின் உப்பு, வெயிலும் காற்றும் மனிதக் கண்ணின் கவனமும் சேர்ந்து, தக்க தருணத்தில் பிரித்தெடுக்கப்படுவதாகும்.

நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாரிக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். கூடையில் அதைச் சுமந்து கொட்டியவர்களில் பலர் பெண்கள். ஓய்வுக்கு அமர்ந்த ஒரு பெண்மணியிடம் என் தாயார், “வெயில் கண்ணைக் கூசுதேம்மா, எப்படித் தாங்குறே?” என்று கேட்டார். “வெயில் இருந்தாத்தான் பாட்டிம்மா எங்களுக்குக் கூலி. மழை வந்தா எல்லாரும் சந்தோசப்படுவாங்க. எங்க வீட்டுல அடுப்பு எரியாது” என்றார் அவர்.

மழைக்காக இரு கையேந்தி துஆ செய்யும் நமக்கு இச்சொல் புதியது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளங்கள் மூடப்படுகின்றன. தை பிறந்து, தேங்கிய நீரை இறைத்துச் சேற்றை அகற்றிப் பாத்திகளைச் செப்பனிட்ட பின்னரே மீண்டும் உற்பத்தி. 2020 நவம்பரில் வந்த நிவர் புயலும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலும் இந்தக் கடற்கரையைத் தாக்கியவை. மழை அருள்தான், ஆனால் அதே மழையால் கூலி இழப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதை, அந்த வரப்பில் நின்றபோது பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். எந்தப் பாடப் புத்தகத்தை வைத்து நான் அதைக் கற்பித்திருக்க முடியும்?

உப்பளத்திலிருந்து வண்டியில் தெற்கே சிறிது தொலைவு சென்று கழுவேலி ஏரியின் கரையை அடைந்தோம். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுவே. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151 ஹெக்டேர் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இது சேர்ந்தது.

மேற்கேயுள்ள ஊர்களின் மழை நீர் இந்த ஏரிக்கு வருகிறது. எடையந்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடல் நீரும் நுழைகிறது. மழைக்காலத்தில் நீரின் உவர்ப்புக் குறைகிறது. கோடை நெருங்க மிகுகிறது. இனிய நீரும் உவர் நீரும் சந்திப்பதைச் சிந்திக்குமாறு திருமறை கூறுவதை ஓதிக் கொடுத்திருக்கிறேன். அன்று ஒரு சந்திப்பைப் பிள்ளைகளுக்குக் கண்ணாரக் காட்ட முடிந்தது. இந்தக் கலப்பினால்தான் மீனும் இறாலும் பெருகுகின்றன. அவற்றை நாடிப் பறவைகள் வருகின்றன.

கூழைக்கடாக்கள் கூட்டமாக நீந்தின. தொலைவில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு தெரிந்தது. தொலைநோக்கியை வைத்துப் பார்த்தால் பூநாரைகள்! சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் குளிருக்கு ஒதுங்கி இந்தியாவுக்கு வரும் பறவைகளின் வான்வழியில் இந்த ஏரியும் ஒரு தங்குமிடம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த தாயார், “குடும்பத்தோடவா வருதுங்க?” என்றார். அந்த ஆண்டு பொரித்த குஞ்சுகளும் பறந்து வருவதுண்டு என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தொலைநோக்கியை வாங்கி மறுபடியும் பார்த்தார்.

திரும்பும் வழியில், மரக்காணத்துக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, கடப்பாக்கம் அருகிலுள்ள ஆலம்பரைக் கோட்டையையும் பார்த்தோம். ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கானின் காலத்தில், 1736க்கும் 1740க்கும் இடையே எழுந்தது அது. 1750இல் முசாபர் ஜங் அதைப் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தார். 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். ஒரு காலத்தில் உப்பும் நெய்யும் சரிகைத் துணியும் கப்பலேறிய துறை. நாணயம் அடித்த இடம். இன்று இடிந்த செங்கற் சுவர்களுக்கு அப்பால் நீர்ப்பரப்பும் மணல்மேடும் கடலும் தெரிகின்றன. நவாபின் கோட்டை நிலைக்கவில்லை. உப்பளத் தொழிலாளியின் பாத்தி ஆண்டுதோறும் மீண்டும் எழுகிறது.

அங்கே எங்கள் உள்ளம் வருந்தும் காட்சியும் இருந்தது. சுவரோரத்தில் பிளாஸ்டிக் தட்டுகள், குடித்தெறிந்த தண்ணீர்ப் புட்டிகள், செங்கல்லில் கீறிய பெயர்கள். ஏரிக்கரையிலும் இதே நிலைதான். உமணர்கள் பின்னால் வருவோர் சமைப்பதற்கு அடுப்புக் கற்களை விட்டுச் சென்றார்கள். நாமோ பறவையின் தொண்டையில் சிக்கும் பொருட்களை விட்டுச் செல்கிறோம். பாதையில் கிடக்கும் இடர் தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று ஓதி வளர்ந்த நாம், அதைப் போட்டுவிட்டு வரலாமா? எங்கள் பிள்ளைகள் ஒரு சாக்குப் பையில் எங்கள் குப்பையோடு மற்றவர்களின் குப்பையையும் திரட்டி வண்டியில் ஏற்றினார்கள்.

வாசகர்களே! நீங்களும் சென்று வர எண்ணினால், தை, மாசி மாதங்கள் உகந்தவை. பறவைகளும் இருக்கும், உப்பு வேலையும் தொடங்கியிருக்கும், வெயிலும் பொறுக்கும். குடிநீரை வீட்டிலிருந்தே நிறைய எடுத்துச் செல்லுங்கள். உப்பளத்தில் நுழையுமுன் அங்குள்ளவரிடம் அனுமதி கேளுங்கள். உழைப்பவர்களை அவர்களின் சம்மதமின்றிப் படம் பிடிக்காதீர்கள். ஏரிக்கரையில் பாட்டும் கூச்சலும் வேண்டாம். கடலில் பிள்ளைகளை இறக்காதீர்கள், அலை கடுமையானது. ஒரு வேளைச் சமையலையாவது ஆண்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, வீட்டின் மூத்த பெண்மணியை விட்டுவிட்டுச் செல்லாதீர்கள். “எனக்கெதற்கு?” என்றுதான் முதலில் சொல்வார்கள். இன்னொரு முறை கேளுங்கள். கழிப்பறைக்கு ஏற்பாடு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், வண்டியில் முதலில் ஏறி அமர்பவர் அவராகத்தான் இருப்பார்.