கோக்கா கணக்கு

துப்பாக்கி சுடும் தளத்தில் எல்லோர் கண்ணும் எதிரே நிற்கும் குறிப்பலகை மேல் இருக்கும். என் கண் சுடுபவரின் வலப்பக்கத் தரையில் இருக்கும். ராணுவத்தில் எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் ரைபிள்களோடு இருந்த காலத்திலும், பிறகு என்.சி.சி. பட்டாலியனில் பயிற்றுநராக .22 ரைபிளோடு இருந்த காலத்திலும் விரும்பிச் செய்த வேலை அது. வெடித்த தோட்டாவின் வெற்று உறையை, நாங்கள் கோக்கா என்று சொல்வதை, ஒன்றுவிடாமல் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். வழங்கிய தோட்டா எத்தனையோ, சுடாமல் மிஞ்சியது போக அத்தனை கோக்கா திரும்பி வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் யாரும் வண்டி ஏற முடியாது.

தோட்டா வெடிக்கும்போது பித்தளை உறை விரிந்து துப்பாக்கியின் தோட்டா அறைச் சுவரை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் வாயு பின்னால் வராமல் குண்டை முன்னே தள்ளுகிறது. அழுத்தம் குறைந்ததும் உறை சற்றே சுருங்கும். கொக்கி அதன் விளிம்பைப் பிடித்து இழுக்க, துப்பாக்கி அதை வலப்பக்கம் வீசி எறிகிறது. பழைய .303-ல் சுடுபவரே போல்ட்டை இழுப்பதால் உறை பெரும்பாலும் பக்கத்திலேயே விழும். எஸ்.எல்.ஆர். அப்படியல்ல, பல அடி தள்ளி எறியும். அதுவும் சூடாக. வலப்பக்கம் படுத்திருப்பவரின் சட்டைக் காலருக்குள் ஒன்று விழுந்தால் அவர் துள்ளுவார், கையில் இருக்கும் துப்பாக்கியின் வாயும் திரும்பும். அதனால் உறையைத் தடுத்து நிறுத்துவது பொறுக்குகிறவரின் வசதிக்காக மட்டும் செய்யும் வேலை என்று நான் நினைக்கவில்லை. அது பாதுகாப்பு.

இதற்கென்று கடையில் வாங்கிய கருவி எதுவும் எங்களிடம் இருந்ததில்லை. தரையில் தார்ப்பாய் விரிப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. விழுந்ததை அள்ள அது நல்லது. ஆனால் பாய் விறைப்பாக இருந்தால் உறை துள்ளி வெளியே ஓடிவிடும், காற்றடித்தால் பாயே எழுந்து நிற்கும். ஓரங்களில் கல் வைத்து, நடுவில் தளர்வாகச் சுருக்கம் விட்டு விரிக்க வேண்டும்.

அதைவிட நல்லது திரை. எங்கள் அரிமளம் பக்கம் தைலமரக் கம்புக்குப் பஞ்சமில்லை. இரண்டு கம்பு நட்டு, குறுக்கே ஒன்று கட்டி, பழைய சணல் சாக்கைப் பிரித்துத் தொங்கவிடுவோம். இழுத்துக் கட்டக் கூடாது. இறுகிய துணியில் பட்ட உறை துள்ளிச் சுட்டவர் முகத்துக்கே திரும்பி வரலாம். தொங்கும் சாக்கு அதன் வேகத்தை வாங்கிக்கொண்டு நேரே கீழே விடும். கொசுவலையைக் கட்டிப் பார்க்கலாம் என்பார்கள். நைலான் வலை சூடான பித்தளை பட்டுப் பொத்துப்போகலாம். சாக்கின் அடிப்பக்கத்தை மடித்துத் தைத்துவிட்டால் தொட்டிலில் கிடப்பதுபோல உறைகள் அதில் கிடக்கும். துப்பாக்கியிலேயே பை மாட்டுகிறவர்களும் உண்டு. பயிற்சியில் எனக்கு அது உடன்பாடில்லை. தோட்டா சிக்கிக்கொண்டால் அதை எடுக்கப் போகும் கைக்கு எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது.

பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுக்கலாமே என்று யாராவது ஒருவர் கேட்பார். உறைப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். காந்தத்தில் ஒட்டாது. .303 தோட்டாக்களை ஐந்தைந்தாகக் கோத்துவரும் எஃகு கிளிப்பைப் பொறுக்க மட்டும் அது உதவும்.

புதுக்கோட்டைச் சீமையின் செம்மண் சரளையில் தவறி விழுந்ததைத் தேடுவது தனி வேலை. பித்தளை நிறமும் சரளை நிறமும் ஒன்றிப் போய்விடும். உச்சி வெயிலில் தேடாதீர்கள். சூரியன் சாய்ந்திருக்கும்போது அதற்கு எதிரே குனிந்து பார்த்தால் மின்னும். மழை பெய்து மண்ணுக்குள் இறங்கிவிட்டால் மேல்மண்ணை வாரி, கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையில் போட வேண்டும். கால் அங்குலக் கண் இன்சாஸின் 5.56 மி.மீ. உறைக்குப் போதும். .22 உறை அதைவிட மெல்லியது, அதற்கு இன்னும் சிறிய கண் தேவை. சுடுவது நின்று, துப்பாக்கிகள் காலி என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் எவரும் சுடும் கோட்டுக்கு முன்னால் போக வேண்டும். ஒரு கோக்காவுக்காக முன்னால் எட்டிக் கை நீட்டிய மாணவனை நான் கடிந்ததுபோல வேறு எதற்கும் கடிந்ததில்லை.

"உஸ்தாத், ஒண்ணு குறையுது" என்று மாணவன் ஒருவன் வந்து நின்றால் எந்தத் தடத்தில், அதாவது எந்தச் சுடுமிடத்தில், குறைகிறது என்றுதான் முதலில் கேட்பேன். இதற்கு அவனிடம் பதில் இருந்தால் பாதித் தேடல் முடிந்தது. எல்லாத் தடத்து உறைகளையும் ஒரே பெட்டியில் கொட்டுவது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். மரப்பலகையில் வரிசைக்கு ஐந்தாகத் துளை போட்டு, தடத்துக்கு ஒன்று வைத்தோம். ஆளுக்கு ஐந்து தோட்டா என்றால் ஆளுக்கு ஒரு வரிசை. நிரம்பாத துளை தானே கண்ணில் படும். வெடிக்காத தோட்டா உறைகளோடு கலந்திருந்தாலும் அதன் முனையில் குண்டு இருப்பது பலகையில் நிற்கும்போது தெரிந்துவிடும். குவியலில் தெரியாது.

அமெரிக்காவில் சுடுகிறவர்கள் உறையைச் சேர்ப்பது பெரும்பாலும் மருந்து நிரப்பி மறுபடி சுடத்தான். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். நமக்கு உறையின் பயன் கணக்கு. ஊசி குத்திய வடு, கொக்கி இழுத்த கீறல், பின்தட்டின் பதிவு எல்லாம் அதில் இருக்கும். எந்தத் துப்பாக்கியில் வெடித்தது என்று தடயவியலாளர் நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். யார், எங்கிருந்து, எத்தனை முறை சுட்டார் என்பதற்குத் தளத்தில் மிஞ்சும் சாட்சி அது.

அந்தச் சாட்சியின் மதிப்பு எங்கள் மாவட்டத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை போய், அங்கிருந்து திருச்சி சாலையில் போனால் நார்த்தாமலை. அதன் அருகே பசுமலைப்பட்டியில் உள்ள தளத்தில் 2021 டிசம்பர் 30 அன்று துப்பாக்கிப் பயிற்சி நடந்தது. பாட்டி வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். மாவட்ட நிர்வாகம் தளத்தைத் தற்காலிகமாக மூடியது. உறையைப் பொறுக்கி அந்தக் குண்டைத் தடுத்திருக்க முடியாது. அதைத் தடுக்க வேண்டியவை தளம் அமைந்த இடமும், மண்மேடும், சுடும் திசையும். ஆனால் அப்படி ஒரு நாளில் யார் சுட்டது என்ற கேள்வி எழும்போது, தடம் தடமாக எண்ணி வைத்த உறைகளும் பதில் தேட உதவும்.

தளப் பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: தடத்துக்கு ஒரு சாக்குத் திரையும் ஒரு துளைப்பலகையும் வையுங்கள், செலவு மிகக் குறைவு. பொறுக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளைகளைச் சாப்பிட விடாதீர்கள், புகைக்கரியில் ஈயம் இருக்கிறது. தளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆடு மேய்க்கப் போன பிள்ளை பித்தளை ஒன்றைக் கொண்டுவந்தால் அதைத் தட்டவோ, அடுப்பில் போடவோ, பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்கவோ வேண்டாம். அது வெடிக்காத தோட்டாவாக இருக்கலாம். காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.