சூடாக இருந்த இஞ்சின்



தோட்டப் பள்ளி வாத்தியாருக்கும் கேபின் வைத்த படகுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். நீச்சல்கூடத் தெரியாதவன் நான். ஆனாலும் பழைய படகு வாங்கும் விஷயத்தில் எனக்கு ஒரு படிப்பு உண்டு. அந்தப் படிப்புக்குக் கட்டிய பணம் என் அக்காள் வீட்டுப் பணம், 16,000 வெள்ளி.

என் அத்தான் கிள்ளான் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் முப்பது வருடம் மூட்டை எண்ணியவர். 2016ஆம் ஆண்டில் ஐம்பத்தைந்து வயது நிறைந்து, இ.பி.எப். பணம் கைக்கு வந்தது. அக்காளுக்கு வீட்டுக் கூரையை மாற்ற ஆசை. அத்தானுக்கோ இளம் வயதிலிருந்தே கடல் பைத்தியம். கோல சிலாங்கூர் ஆற்றில் ஒரு படகைக் கட்டிப் போட்டு, வாரக் கடைசியில் பிள்ளைகளோடு மீன் பிடிக்கலாம். பிறகு முறைப்படி உரிமம் எடுத்து, தூண்டில்காரர்களை ஏற்றிச் சென்று நாலு காசு பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. "வாத்தியார் மச்சான், நீங்க படிச்சவங்க. வந்து ஒரு பார்வை பாருங்க" என்று என்னையும் அழைத்துப் போனார்.

அந்த வார்த்தையில்தான் நான் மயங்கினேன் போலும்!

இருபத்து நான்கு அடி பைபர் படகு. முன்பக்கம் இரண்டு பேர் படுக்கக்கூடிய சிறு கேபின், உள்ளே டீசல் இஞ்சின். வெள்ளைச் சாயம் பளபளத்தது. கேபினில் புதுக் கம்பளம் விரித்திருந்தார்கள். நாங்கள் ஜெட்டிக்குப் போய்ச் சேரும்போதே இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காகத்தான் சூடாக்கி வைத்திருக்கிறேன்" என்றார் விற்பவர். எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் செய்த சோதனை என்ன தெரியுமா? பத்திரத்தை வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்தேன். பெயர், அடையாள அட்டை எண், இஞ்சின் எண் எல்லாம் ஒத்துப் போயின. மாணவன் கட்டுரையைத் திருத்துகிறவன் போல, சரி என்று தலையாட்டினேன். படகின் மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை.

மூன்றாவது பயணத்தில், அங்சா தீவுக்குப் போகும் வழியில் இஞ்சின் நின்றுவிட்டது. அத்தானோடு என் அக்காள் மகன்கள் இருவரும் படகில் இருந்தார்கள். நீர் வற்றும் நேரம். நங்கூரம் பிடிக்காமல் படகு வெளிக்கடல் பக்கம் இழுபட்டது. பாசிர் பெனாம்பாங் மீனவர்கள் பார்த்து, கயிறு போட்டு இழுத்து வந்தபோது இருட்டிவிட்டது. ஜெட்டியில் நின்றுகொண்டிருந்த அக்காள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பட்டறையில் இஞ்சினைத் திறந்தவர் ஒரு முதிய சீனர். எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி என் கண்முன் நீட்டினார். பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தது. இஞ்சினைக் குளிர வைக்கும் உப்புத் தண்ணீர் உள்ளே கசிந்து எண்ணெயோடு கலந்திருக்கிறது. விற்பதற்கு முன் புது எண்ணெய் ஊற்றியதால் அன்றைக்கு நிறம் தெரியவில்லை. "நீ போனபோது இஞ்சின் செஜோக்கா?" என்று மலாயில் கேட்டார். குளிர்ந்திருந்ததா என்கிறார். இல்லை, ஓடிக்கொண்டிருந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

இஞ்சினைத் தாங்கும் கட்டைகளும் பைபருக்குள்ளே மக்கிப் போயிருந்தன. பழுது பார்க்க ஆகும் செலவு படகின் விலையைத் தாண்டியது. கழற்றி விற்றதில் மூவாயிரம் வெள்ளிதான் மிஞ்சியது. கூரை அப்படியே ஒழுகிக்கொண்டிருந்தது.

அதன்பின் ஒன்றரை வருடம், பள்ளி விடுமுறை வரும்போதெல்லாம் அந்தப் பட்டறைக்குப் போய் வந்தேன். முதலில் வெட்கத்தினால், பிறகு ஆர்வத்தினால். அந்தப் பெரியவரிடம் பார்த்தும் கேட்டும் அறிந்ததைத்தான் சொல்கிறேன்.

விற்பவரிடம் நேரம் குறிக்கும்போதே, "நான் வரும்வரை இஞ்சினைத் தொட வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் இஞ்சின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். குளிர்ந்த இஞ்சின்தான் தன் நோயை மறைக்காமல் காட்டும். முதலில் எண்ணெய்க் கம்பி, பிறகு சாவி. கிளப்பும்போது புகையைக் கவனியுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை, அல்லது இஞ்சின் சுமை தாங்காமல் திணறுகிறது. வெள்ளைப் புகை ஆரம்பத்தில் கொஞ்சம் வந்து மறைந்தால் பயமில்லை. சூடான பிறகும் நிற்காவிட்டால் சந்தேகப்படுங்கள். குளிர வைக்கும் தண்ணீர் வெளியே தாராளமாகக் கொட்ட வேண்டும். வெளியே மாட்டும் இஞ்சினானால், கீழே உள்ள கியர் எண்ணெயையும் சிறிது வடித்துப் பாருங்கள். பால் நிறம் அங்கேயும் கெட்ட செய்திதான்.

படகைத் தண்ணீரில் வைத்தே விலை பேசுவது, மாட்டைத் தொழுவத்தின் இருட்டிலே நிறுத்தி வாங்குவது போல. கரையேற்றச் சொல்லுங்கள். அதற்கான கூலியை நீங்களே கொடுத்தாலும் நஷ்டமில்லை. அடிப்பக்கத்தில் கொப்புளங்கள் இருக்கின்றனவா என்று தூக்கியவுடனே பார்க்க வேண்டும். காய்ந்தால் அவை அடங்கிவிடக்கூடும். பைபருக்குள் புகுந்த தண்ணீர் அங்குள்ள இரசாயனத்தோடு சேர்ந்து புளிப்பதால் வருபவை அவை. கொப்புளத்தைக் குத்தினால் காடி போல வாடை அடிக்கும். நம் ஊர் வெதுவெதுப்பான கடலில் இது சீக்கிரமே வரும். நாலைந்து சிறு கொப்புளங்களுக்காகப் படகை வெறுக்க வேண்டியதில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். அடி முழுதும் பரவியிருந்தால் விட்டுவிடுங்கள்.

திருப்புளியின் பிடியால் உடம்பு முழுதும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்னும். உள்ளே பிரிந்தோ மக்கியோ போன இடம் 'பொத்' என்னும். எங்கள் தோட்டத்தில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற பாட்டிக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதே இல்லை! மேல்தளத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள். கயிறு கட்டும் கொம்புகள், கைப்பிடிக் கம்பிகள் திருகியிருக்கும் இடங்களில் கால் சற்றே அமுங்கினால், திருகுத் துளை வழியே மழைத் தண்ணீர் உள்பலகைக்குள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கேபினில் மெத்தையைத் தூக்குங்கள், கம்பளத்தைப் புரட்டுங்கள். புதுக் கம்பளம் என்றால் கட்டாயம் புரட்டுங்கள். அடித்தட்டில் பழைய தண்ணீர்க் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் இறைக்கும் பம்பு, கட்டிப் போட்ட படகிலே தானாக அடிக்கடி ஓடினால் காரணம் கேளுங்கள்.

பிறகு கடலுக்குப் போக வேண்டும். ஜெட்டியைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பதெல்லாம் சோதனை ஆகாது. அரை மணி நேரமாவது ஓட்டி, இடையிலே முழு வேகமும் கொடுத்து, வெப்ப முள் ஏறுகிறதா என்று பார்த்து, கரைக்கு வந்ததும் இஞ்சினை நிறுத்திச் சற்றுப் பொறுத்து மறுபடியும் எண்ணெய்க் கம்பியை உருவுங்கள். நன்கு தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துப் போவது உத்தமம். கடல் இலாகாப் பத்திரத்தையும் பாருங்கள். அதை நான் குறை சொல்லவில்லை. அதைக் கடைசியாகப் பாருங்கள், அவ்வளவுதான்.

2018ஆம் ஆண்டு இறுதியில் அத்தான் மறுபடியும் என்னை அழைத்தார். அக்காள் தடுக்கவில்லை, கூரை அதற்குள் மாற்றப்பட்டிருந்தது, அதற்கு என் சேமிப்பிலிருந்தும் ஒரு பங்கு போயிருந்தது. இந்த முறை படகு சிறியது, இருபது அடி, வெளி இஞ்சின், சாயம் மங்கியது. நான் முழங்காலில் ஊர்ந்து அடிப்பக்கம் முழுவதும் தட்டினேன். சட்டையெல்லாம் சேறு. 9,500 கேட்டவரிடம், தளத்தில் அமுங்கிய ஓர் இடத்தைக் காட்டி 8,200க்குப் பேசி முடித்தோம்.

அதற்கெல்லாம் முன்னால், நான் வாய் திறப்பதற்குள், அத்தானே போய் இஞ்சின் மூடியைக் கழற்றி உள்ளே கை வைத்தார். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"செஜோக், மச்சான்" என்றார்.