செவ்வாய்க் கொப்பி



செவ்வாயில் ஓர் ஊர் அமைத்தால் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளோடு கொப்பியில் வரையத் தொடங்கினோம். யாரும் சேரலாம், யாரும் திருத்தலாம். முதல் வாரம் வகுப்பு நிறைய ஆள். ஓ.எல். பரீட்சை நெருங்க, மிஞ்சியது நாலு பேர். "பாடசாலைக்கு ஒழுங்கான தண்ணி டாங்கி இல்ல, உங்களுக்குச் செவ்வாயா சேர்?" என்று ஒரு ஹாஜியார் கேட்டார். நியாயம்தான்.

மூடிவிடலாம் என்றிருந்தபோது டெவன் தீவின் கதை ஞாபகம் வந்தது. 2000இல் கனடாவின் அந்த ஆளில்லாத் தீவில் செவ்வாய்ச் சங்கத்தார் ஒரு மாதிரிக் குடியிருப்புக் கட்டப் போனார்கள். விமானத்திலிருந்து போட்ட சாமான்களில் ஒரு தொகுதி பரசூட் கழன்று விழுந்தது. தளப் பகுதிகளும் கிரேனும் நாசம். கட்ட வந்த கூலிக் குழு திரும்பிவிட்டது. தொண்டர்களும் இனுயிட் ஆட்களும் கைப்பலத்தால் கட்டி முடித்தார்கள்.

நாங்களும் முறையை மாற்றினோம். ஆளுக்கு ஒரு பக்கம். விலகுகிறவர் அடுத்தவருக்கு விளங்கும்படி எழுதிவைத்துவிட்டுப் போகவேண்டும்.

பரீட்சை முடிந்து ஒருவன் வந்தான். அவனுடைய பக்கம், வுழூச் செய்த தண்ணீரை வடித்து மறுபடி பாவிக்கும் கணக்கு. இரண்டு தங்கச்சிமார் சிவப்புப் பேனையால் அதைத் திருத்தியிருந்தார்கள். முகம் சுருங்கிப்போனது. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

ஹாஜியார் கேட்ட டாங்கிக் கணக்கையும் அதே பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறோம்.