நுனியப் பாரு மகன்

கல்முனையில் ஒரு மோட்டர் வைண்டிங் கடையில்தான் நான் கம்பி சுற்றப் பழகினேன். தண்ணி மோட்டர், ஃபேன், அரைக்கும் மெஷின், எது எரிந்தாலும் அங்கே வரும். கடைக்காரக் காக்கா என் கையைப் பார்ப்பதை விடக் கம்பியின் முனையைத்தான் பார்ப்பார். "நுனியப் பாரு மகன், சுத்துறது ரெண்டாவது" என்பார். இன்று வயரில்லாமல் ஆட்டோ பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சுருளைச் செய்து பார்க்கும்போதும் எனக்கு அந்தச் சொல்தான் பாடம்.

முதல் சுருளைத் தண்ணி மோட்டருக்குச் சுற்றுவது போலத் தடித்த ஒற்றைக் கம்பியில் சுற்றினேன். சற்று நேரத்தில் வார்னிஷ் மணந்தது. வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாய் ஓடி வருகிறது. வாகனங்களுக்கான வயரில்லாச் சார்ஜுக்கு உலகம் ஏற்றிருப்பது 85 கிலோஹெர்ட்ஸ், அதாவது 85,000 தடவை. அந்த வேகத்தில் செம்பின் தோலில் ஏறத்தாழ 0.23 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்தான் மின்சாரம் ஓடும். தடித்த கம்பியின் நடுப்பகுதி சும்மா கிடக்கும், தோல் சுடும்.

அதற்குத்தான் லிட்ஸ் கம்பி. மயிர் போன்ற 0.1 மில்லிமீட்டர் இழைகள், ஒவ்வொன்றுக்கும் தனி எனாமல், நூற்றுக்கணக்கில் சேர்த்து முறுக்கியது. உள்ளே கிடக்கும் இழை வெளியே வந்து, வெளியே கிடந்தது உள்ளே போகும்படி முறுக்க வேண்டும். மருதமுனை நெசவாளர் கையில் கொடுத்தால் முறுக்கு சரியா பிழையா என்று தடவியே சொல்லிவிடுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை.

சிக்கல் நுனியில். உருகிய ஈயத்தில் முக்கி, எல்லா இழையின் எனாமலும் கருகிப் போய் ஈயம் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் பார்வைக்கு நுனி வெள்ளியாய் மினுங்கும், உள்ளே பல இழை ஒட்டாமல் நிற்கும். அவற்றின் பாரத்தையும் மற்ற இழைகளே சுமந்து சூடேறும்.

தரையில் ஒரு சுருள், வண்டியின் அடியில் ஒன்று, நடுவே 15 சென்டிமீட்டர் வெளி. கீழே எழும் காந்தப்பாய்வில் மேலே சேர்வது பத்தில் இரண்டு மூன்று பங்குதான். மீதி வீணல்ல. அது கீழ்ச்சுருளுக்கே திரும்புகிறது; பொருத்தமான கெப்பாசிட்டர் அதை வாங்கி அடுத்த சுற்றுக்குக் கொடுக்கிறது. அதனால்தான் நன்றாக அமைந்த சார்ஜரில் 90 சதவீதத்துக்கும் மேல் பெட்டரிக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் இடையில் ஒரு தகரத் துண்டோ சிகரெட் பெட்டியின் மினுக்குத்தாளோ கிடந்தால் அது கொதிக்கும். அதை உணர்ந்து நிறுத்தும் கருவி இல்லாமல் இதைத் தெருவில் வைக்கக் கூடாது.

தென்கொரியாவின் குமி நகரில் கேஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் 24 கிலோமீட்டர் பாதையில் பஸ் ஓடும்போதே சார்ஜ் ஏற்றிக் காட்டினார்கள். நமக்கு அதுபோலச் சுருள் புதைக்கத் தெருவைக் கிண்ட வேண்டியதில்லை. ஆட்டோ நிற்கும் ஸ்டாண்ட் போதும். கடற்கரையோரம் உப்புக்காற்றில் பிளக்கின் பற்களில் பச்சைக் களிம்பு பிடித்துவிடுகிறது. பிசினுக்குள் மூடிய சுருளில் உப்புப் பிடிக்க வெளியே உலோகமே இல்லை. நம் ஊருக்கு இது பொருந்தும் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் அதுதான்.

ஒலுவில் பொறியியல் பீடத்தில் மின்னியல் படிக்கும் தம்பி தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். நுனியைப் பார்க்கப் பழகிக்கொள்ள, ஒரு விடுமுறையில் ஒரு மாதமாவது ஊர் வைண்டிங் கடையொன்றில் போய் உட்காருங்கள்.