கேடி

ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரும் நானும் ஜூன் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு கோல்ஃப் ஆடுவதென்று முடிவாகியிருக்கிறது. வெறுமனே ஆடுவதல்ல, 'கேடிஷாக்' படத்தைப்போல ஆடுவது. யாருக்கு எந்தப் பாத்திரம், எந்தக் குழியில் எந்தக் காட்சி, ராத்திரி எத்தனை மணிக்குப் படத்தை மறுபடி போட்டுப் பார்ப்பது என்றெல்லாம் எழுதித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. நால்வரில் நான்தான் மூத்தவன்; படத்தில் அதிக ஈடுபாடு உள்ளவன் என்றும் பெயர். ஈடுபாடு உண்மைதான். காரணம் அவர்களுக்குத் தெரியாது.

1980இல் வந்த படம். ஹெரால்ட் ரேமிஸ் இயக்கிய முதல் படம். அவரும் டக்ளஸ் கென்னியும் பிரையன் டாயில்-மர்ரேயும் சேர்ந்து எழுதியது. மர்ரே சகோதரர்கள் சிறுவயதில் சிகாகோவுக்கு வடக்கே வினெட்காவில், இந்தியன் ஹில் என்ற மன்றத்தில் பை தூக்கியவர்கள். ஒன்பது குழந்தைகள் உள்ள வீடு. படத்தின் கதை அங்கிருந்து வந்தது. டேனி என்ற பையன் பணக்காரர்களின் மன்றத்தில் பை தூக்குகிறான். காலேஜுக்குப் போகப் பணம் இல்லை. கேடிகளுக்கென்று ஓர் உதவித்தொகை உண்டு, அது ஒரு நீதிபதியின் கையில் இருக்கிறது. இப்படி ஒரு உதவித்தொகை கற்பனை அல்ல. கேடியாக இருந்து 1916இல் அமெரிக்க ஓப்பனையும் அமெச்சூர் பட்டத்தையும் ஒரே வருஷத்தில் வென்ற சிக் எவன்ஸ் ஏற்படுத்திய நிதியிலிருந்து, 1930இல் முதல் இரண்டு பையன்கள் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். இன்றும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் படத்தைப் பார்த்தவர்களுக்கு டேனி ஞாபகத்தில் இருப்பதில்லை. ராட்னி டேஞ்சர்ஃபீல்ட், செவி சேஸ், பில் மர்ரே மூவரும் வந்து படத்தைத் தின்றுவிட்டார்கள். எழுதிவைத்ததை விட்டு வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அது எழுதியதைவிட நன்றாக அமைந்துவிட்டது. புல் வெட்டும் கருவியால் சாமந்திப் பூக்களை அடித்துச் சிதறடித்துக்கொண்டே, தான் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டியை வெல்லப்போவதாகத் தனக்குத்தானே வர்ணனை சொல்லிக்கொள்ளும் மைதானத் தொழிலாளியின் காட்சி அப்படிப் பிறந்ததுதான். கதை சிதறிப்போகவே, துண்டுகளை ஒட்டவைக்க வளை தோண்டும் ஒரு பொம்மைப் பிராணியைப் பிற்பாடு செய்து நுழைத்தார்கள். உருவம் என்று பார்த்தால் படம் தோல்வி. கேடிகளைப் பற்றிய படத்திலிருந்து கேடிகள் வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். கென்னி படம் வெளிவந்த அடுத்த மாதமே ஹவாயில் ஒரு பாறை விளிம்பிலிருந்து விழுந்து இறந்தார். வயது 33. படம் அதற்கப்புறம்தான் பலருடைய படமாயிற்று.

எங்கள் திட்டத்திலும் அதே கதைதான். நாலு பாத்திரங்களுக்கு நாலு பேர் கிடைத்துவிட்டார்கள். டேனியாக இருக்க யாரும் முன்வரவில்லை. கடைசியில் ஒரு நண்பர், தன் பதினாறு வயது மகனை அழைத்துவருவதாகச் சொன்னார். பையன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கூட நடப்பான், தமாஷாக இருக்கும் என்றார். மூத்தவன் என்பதால் எனக்கு நீதிபதி வேஷம். படத்தில் நீதிபதி, பந்து மோசமான இடத்தில் கிடக்கும்போது ஷூ நுனியால் அதை நல்ல இடத்துக்கு நகர்த்துகிறார். பையன் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறான். நான் அதைச் செய்தே ஆகவேண்டும் என்பது மூவரின் கட்சி. பதினோராவது குழி என்று இடமும் குறித்துவிட்டார்கள்.

1974இல் எனக்கு வயது பதிமூன்று. எங்கள் மலையூரில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன கோல்ஃப் கிளப் ஒன்று இருந்தது. கோடை விடுமுறையில் இரண்டு வருஷம் அங்கே பை தூக்கினேன். ஒரு சுற்றுக்கு ஒன்றரை ரூபாய். பையில் பதினாலு மட்டைகள், தண்ணீர், குடை. காலையில் ஏழு மணிக்குத் தகரக் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். உள்ளே அழைக்கும்வரை கற்பூர மரங்களுக்கடியில் தொலைந்த பந்துகளைத் தேடிப் பொறுக்கி, தொலைத்தவர்களுக்கே நாலணாவுக்கு விற்போம். முதல்நாள் வீட்டில் வேலையின் பெயரைச் சொன்னபோது அம்மாயி பயந்துவிட்டாள்.

"ஏன் சாமி, கேடின்னா போலீசு புடிச்சுட்டுப் போயிருமே?"

அவளுக்குத் தெரிந்த கேடி போலீஸ் பட்டியலில் உள்ளவன். வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ் பாஷையில் தெரிந்த திருடனுக்கு வைத்த இரண்டு இங்கிலீஷ் எழுத்துக்கள் நம் ஊரில் ஒரு வசவாகிவிட்டன. நான் சொன்ன கேடி வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. அன்று சிரித்தேன். அம்மாயி அவ்வளவு தப்பாகச் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது கோடையில் ஒரு பெரிய மனிதருக்கு நான்தான் வழக்கமான கேடி. ஒருநாள் பந்தயம் வைத்து ஆடினார்கள். அவருடைய பந்து ஒரு வேரில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவர் அதைக் காலால் ஓரடி நகர்த்தினார். எதிரில் ஆடியவருக்குச் சந்தேகம் வந்து என்னைக் கேட்டார்.

"பையா, பந்து இங்கதான் இருந்துதா?"

"ஆமாங்க" என்றேன்.

ஆட்டம் முடிந்ததும் அவர் எனக்கு ஐந்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வருஷம் நோட்டுப் புத்தகங்கள் அந்தப் பணத்தில்தான் வாங்கினேன். பொய் சொன்னது அப்படியொன்றும் உறுத்தவில்லை. அவர் என்னிடம் பொய் சொல்லச் சொல்லவே இல்லை என்பது உறுத்தியது. அவருக்குக் கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

1987இல் சிகாகோவில் ஒரு நண்பர் அறையில் வீடியோ காஸெட்டில் 'கேடிஷாக்' பார்த்தேன். நீதிபதி காலை நீட்டியதும் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், சற்றுத் தாமதமாக. கேடிப் பையன்கள் நீச்சல் குளத்தில் இறங்க 15 நிமிஷம் ஒதுக்கும் காட்சிக்கு மட்டும் எல்லாருக்கும் முன்னால் சிரித்துவிட்டேன். நகைச்சுவை அன்னியமாதல் என்று பெரிய வார்த்தைகளில் சொல்லலாம். எனக்கு அது ஒரு தகரக் கொட்டகை.

பை தூக்கியவன் மட்டையைத் தூக்கினால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு பதில் உண்டு. பாப்வா ஸெவ்கொலும் டர்பனில் கேடியாக இருந்த இந்திய வம்சாவளியினர். மட்டையைக் கைமாற்றிப் பிடித்து ஆடியவர். டச்சு ஓப்பனை மூன்று தடவை வென்றார். 1963இல் டர்பனில் நேட்டால் ஓப்பனை வென்றபோது, மன்றக் கட்டடத்துக்குள் அவர் நுழையக்கூடாதென்பதால் மழையில் வெளியே நிற்கவைத்துப் பரிசைக் கொடுத்தார்கள். அகஸ்டாவில் கறுப்பர்கள்தான் பை தூக்கினார்கள். 1975இல்தான் ஒரு கறுப்பர், லீ எல்டர், அங்கே மாஸ்டர்ஸில் ஆடினார். மன்றத்தில் முதல் கறுப்பு உறுப்பினர் 1990இல். பூக்களை அடித்துக்கொண்டு அந்தத் தொழிலாளி காணும் கனவில் இதுவும் இருக்கிறது என்று பில் மர்ரே நினைத்திருக்கமாட்டார். நினைக்கவேண்டியதில்லை.

படம் எடுக்கப்பட்ட மைதானத்துக்கே போகலாமென்று முதலில் பேச்சிருந்தது. ஃப்ளோரிடாவில் டேவி என்ற ஊரில் இருக்கிறது. மத்திய மேற்குப் பிரதேசம் போலத் தெரியவேண்டும், பனை வகை மரங்கள் கண்ணில் படக்கூடாது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம். அது பிற்பாடு பெயர் மாறித் தனியார் மன்றமாகிவிட்டது. நமக்குக் கதவு திறக்காது. அதனால் ஜாக்ஸன் பார்க் என்று நான் எழுதினேன். 1899இல் திறந்த பொது மைதானம்; கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம். ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு குழுவில் நாலு பேருக்குமேல் ஆட விடமாட்டார்கள். போன வாரம் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில், நண்பரின் பையன் என் இடத்தில் ஆடட்டும், நான் பை தூக்குகிறேன், நீதிபதி வேஷத்தை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சேர்த்து அனுப்பினேன். மூன்று பேரிடமிருந்தும் உடனே பதில் வந்தது. திட்டத்திலேயே சிறந்த ஹாஸ்யம் இதுதான் என்கிறார்கள். இந்த வயதில் பதினெட்டுக் குழிக்கும் அந்தப் பையை என்னால் தூக்க முடியுமா என்று தெரியவில்லை. சாயங்காலங்களில் புத்தகங்களைப் போட்டு ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து பார்க்கிறேன்.

பதினோராவது குழியில் பந்து நகர்ந்தால், நகர்ந்தது என்று சொல்லிவிடுவேன். அதைத் திட்டத்தில் எழுதவில்லை.