மைத்தடம்

ஜப்பானியத் தேநீர் அறைக்குள் விருந்தாளி இரண்டடிக்குச் சற்றே கூடுதலான ஒரு சதுர வாசல் வழியாகத் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். நுழைந்ததும் நேரே சுவர்மாடத்தின் முன் போய் அமர்ந்து, விசிறியை முன்னால் வைத்து, அங்கே தொங்கும் எழுத்துச் சுருளை வணங்குகிறார். கெட்டிலும் கிண்ணமும் அதற்குப் பிறகுதான். தேநீருக்கான பொருள்களில் சுருளைவிட முக்கியமானது வேறில்லை என்கிறது, ரிக்யூவின் (1522–1591) பேரில் வழங்கும் 'நம்போரொக்கு'. ஸென் துறவிகள் எழுதிய இச்சுருள்களுக்கு 'பொக்குஸெகி' என்று பெயர். மைத்தடம் என்று பொருள். வாக்கியம் என்று சொல்லவில்லை, தடம் என்கிறார்கள்.

வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இது அன்னியமாகப் படவில்லை. காசோலையில் உள்ள கையெழுத்தை நான் வாசிப்பதில்லை. மாதிரியைத் திரையில் வரவழைத்து, சுழிப்பையும் சாய்வையும் பார்க்கிறேன். அந்த ஆள் இதில் இருக்கிறாரா என்பது ஒன்றுதான் கேள்வி. ஆனால் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சுருள் எங்கள் கவுன்டரில் செல்லாது. சீன ஆசான் யுவான்வு (1063–1135) 1124இல் சீடர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்த சான்று அது. முன்பாதி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அந்தப் பாதியைத்தான் தேநீர் ஆசான்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் இப்போது யோசிக்க ஒரு காரணம் உண்டு. காலமான நண்பர் ஒருவரின் கவிதை நோட்டு என்னிடம் வந்திருக்கிறது. கடைசிப் பக்கங்கள் நோயில் எழுதியவை. பல வரிகள் பாதியில் நிற்கின்றன. சில சொற்கள் வெறும் கோடுகள். தெளிவானவற்றை மட்டும் அச்சிட்டால் போதும் என்கிறார்கள் சிலர். பக்கங்களை அப்படியே படமெடுத்துப் போடு, கை போன போக்கே கவிதை என்கிறார்கள் மற்றவர்கள். சுருள்களைப் பற்றிப் படித்தபோது நான் இரண்டாமவர் பக்கம் சாய்ந்தேன்.

என்னைத் தடுத்தவை எங்கள் ஊர் நடுகற்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் அவை வரிசையாக நிற்கின்றன. அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஆநிரை மீட்டுச் செத்தவன் பெயர் எல்லாம் வட்டெழுத்தில் வெட்டியவை. இப்பக்கத்து வயல்வெளிகளில் இதே போன்ற கற்களுக்கு மஞ்சளும் குங்குமமும் பூசி வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். வணக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் செத்தவர்களுக்கு யாருக்கும் தனிப்பெயர் இல்லை, எல்லாரும் வேடியப்பன். கல்லைக் கழுவி, மைப்படி எடுத்து, எழுத்தெழுத்தாக வாசித்தபோதுதான் அவனவனுக்கு அவனவன் பெயர் திரும்பியது. 1972இல் வந்த 'செங்கம் நடுகற்கள்' தொகுதி அப்படிப்பட்ட காரியம். மைத்தடத்தை வணங்குவது ஒரு மரியாதை என்றால் மைப்படியிலிருந்து வாசிப்பது இன்னொரு மரியாதை.

தேநீர் அறையிலும் விஷயம் வணக்கத்தோடு முடிவதில்லை. பிறகு, உரிய நேரத்தில், முதல் விருந்தாளி கேட்கிறார்: இதில் எழுதியிருப்பது என்ன, எழுதியவர் யார்? தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் ஆறு நிலைகளும் காட்சியில் தொடங்கி வாழ்த்தில்தான் முடிகின்றன.

நம் விமர்சனத்தில் இந்த வரிசை குலைந்துவிட்டது என்று நினைக்கிறேன். கவிதை கைக்கு வந்ததும் என்ன சொல்கிறான், எந்தக் கோஷ்டி என்று கேட்கிறவர்கள் ஒரு பக்கம். புரிய வேண்டாம், உணர்ந்தால் போதும் என்று மஞ்சள் பூசிவிட்டு நகர்கிறவர்கள் இன்னொரு பக்கம். முன்னவர்கள் ஆளைப் பார்ப்பதில்லை. பின்னவர்கள் அவன் பெயரைக் கேட்பதில்லை.

நோட்டின் கடைசிப் பக்கங்களைப் படமாகவே போடப் போகிறேன். எதிர்ப்பக்கத்தில், வாசிக்க முடிந்த ஒவ்வொரு சொல்லும் அச்சில் வரும். முடியாத இடங்களில் வெற்றிடம் விடுவேன். ஒரு வரியில் 'மழை'யா 'மலை'யா என்று இன்னும் தீரவில்லை. அவர் கையை அறிந்த நண்பர்கள் வந்து பார்த்தால் நல்லது.