கிடையும் ஒருத்தியும்

நல்ல புதினம் ஒன்றின் பெயரைச் சொன்னால், ‘அது படமாக வந்திருக்கிறதா?’ என்று கேட்பது இந்நாளைய வழக்கம். கி. ராஜநாராயணனின் ‘கிடை’ என்னும் குறுநாவலைப் படிக்கும்படி என் தம்பி மகளிடம் கொடுத்தேன். அவளும், “படமா வந்திருக்கா, பெரியத்தா?” என்றுதான் கேட்டாள்.

வந்திருக்கிறது. 2003இல் அம்ஷன் குமார் அதனை ‘ஒருத்தி’ என்னும் பெயரில் படமாக்கினார். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 2022இலும் 2023இலும் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்ததைச் சிறுபிள்ளையும் அறியும். ‘ஒருத்தி’யையோ, அக்கதை பிறந்த எங்கள் கரிசல் சீமையிலேயே அறிந்தவரை நான் அதிகம் கண்டதில்லை. இத்தனைக்கும் கி.ரா. பிறந்த இடைசெவல், கோவில்பட்டியை அடுத்தது. குருவிகுளத்தார்க்கு அது அயலூர் அன்று.

ஆட்டு மந்தையை இரவில் நிலத்தில் மடக்கி உரமேற்றுவதே கிடை. பல வீட்டு ஆடுகள் ஒரே கிடையில் அடையும். ஒருநாள் ஆடுகள் பருத்திக் காட்டில் புகுந்து வெள்ளாமையை அழித்துவிடுகின்றன. காவல் தவறியது யாரால் என்று ஆராய்கிறார்கள். மேல்சாதி இளைஞன் எல்லப்பனும் தாழ்த்தப்பட்ட குலத்துச் செவனியும் கொண்ட நேசம் அந்த விசாரணையின் ஊடே புலப்படுகிறது. கதாசிரியர் இருவர் பெயரையும் இடாமல் நூலுக்குக் கிடையின் பெயரை இட்டார். இயக்குநரோ ‘ஒருத்தி’ என்றார். அதில் பிழையொன்றும் இல்லை. மந்தைக்கும் பருத்திக்கும் நடுவே மறக்கப்படுபவள் அவள்தானே!

ஆயினும் ஒன்று கைநழுவிப் போகிறது. கி.ரா.வின் எழுத்தில் கதைமாந்தரைவிட நமக்கு நெருக்கமானவர் கதை சொல்பவர். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே, குறும்பும் இரக்கமும் கலந்து சொல்லும் அந்தக் குரலைப் படம்பிடிப்பது எளிதன்று.

அரபிப் பழநூல்களை ஓதுவிக்கும் எனக்கு இது சிறு குறையாகத் தோன்றவில்லை. அந்நூல்களில் செய்திக்கு முன்னே அறிவித்தவர் பெயர் வரும். இன்னார் எனக்குச் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார் என்று தொடர்ந்து செல்லும். இதனை இஸ்னாது என்போம். மாணவன் அறிவிப்பாளரை எடைபோடாமல் செய்தியைத் தொடமாட்டான்.

கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ (1976) நம்மவர் நிதானத்துடன் படிக்க வேண்டிய நூல். தெலுங்கு நாட்டிலிருந்து பெயர்ந்து வந்தோர் கரிசலில் காடு திருத்திக் குடியேறிய கதை அது. சென்னாதேவி என்னும் பேரழகியைத் துலுக்க ராஜா ஒருவன் விரும்பினான்; அவனுக்கு அஞ்சியே புறப்பட்டார்கள் என்று வருகிறது. அவ்விடத்தில் என் மனம் சற்றுச் சுருங்கியது உண்மை. ஆனால் சொல்பவர் யார்? மங்கத்தாயாரு என்னும், நூறு வயதைக் கடந்த மூதாட்டி. முன்னோரின் அச்சம் அவர் நாவில் அற்புதங்களோடு கலந்து வளர்ந்து வருகிறது. அது பாட்டி சொல்லும் கதை என்பது படிப்பவனுக்கு மறப்பதே இல்லை.

இதனையே ஒருவர் படமெடுத்தால், பாட்டி இரண்டு நிமிடம் தோன்றி மறைவார். பிறகு வாளும் குதிரையும் தாடி வைத்த அரசனுமே திரை முழுவதும் நிற்பார்கள். அறிவிப்பாளர் போய்விடுவார், கேள்விப்பட்ட செய்தி கண்கண்ட சாட்சியாகிவிடும். இருட்டில் அமர்ந்திருந்த பிள்ளை, ‘நானே பார்த்தேன்’ என்றுதான் வெளியே வரும்.

அவ்வாறு எடுப்பவர், பாட்டியின் பொக்கை வாயையும் அதைக் கேட்டிருப்போர் முகங்களையும் அடிக்கடி காட்டுவாராயின், சங்கரன்கோவில் கொட்டகையில் முதல் வரிசைக்குச் சீட்டு வாங்க நான் தயார்.